எந்தத் தண்ணி

நீங்களும் என்னைப் போல இந்த நாட்டில் வளர்ந்தவர்கள் என்றால், பத்து வயதில் உங்கள் வீட்டுக்கு நீங்கள்தான் மொழிபெயர்ப்பாளராக இருந்திருப்பீர்கள். வெளிநாட்டவர் அலுவலகம், பல் வைத்தியர், சத்தம் கூடிப்போச்சு என்று கதவைத் தட்டும் வீட்டுக்காரர், எல்லா இடத்திலும் நம்மைத்தான் முன்னால் தள்ளினார்கள். நம்மிடம் இருந்தது பள்ளிக்கூட ஜெர்மனும் அடுப்படித் தமிழும். அதை வைத்துக்கொண்டு பெரியவர்களின் தலைவிதியையே பேசிவிட்டு வந்தோம்.

இப்போது முழங்கால் வலியைப் பற்றிக் கதைக்கும் வயதாகிவிட்டது. ஒரு பிறந்தநாள் விழாவில் நாலு பேர் சந்தித்தால், யார் எதைப் பிழையாக மொழிபெயர்த்தோம் என்று போட்டி போட்டுச் சிரிக்கிறோம். நான் அந்தப் போட்டியில் சேர்வதில்லை. என்னுடைய பிழை கொஞ்சம் பெரியது, சொல்லத் தொடங்கினால் கேக் வெட்ட நேரமிருக்காது. அந்தப் பிழைக்காக எனக்கு வெட்கமும் இல்லை. நான் தெரிந்து செய்த நல்ல காரியங்கள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் தெரியாமல் செய்த அந்த ஒன்றுக்குக் காணாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஜெர்மனியின் ஹம் நகரில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் மூன்றாம் மாடியில் இருந்தோம். ரயில் போகும்போது சாமித்தட்டில் இருந்த வெண்கல விளக்கு மெல்ல நடுங்கும். அப்பா ஒரு கேபிள் தொழிற்சாலையில் வேலை செய்தார். அம்மா மாலையில் அலுவலகங்கள் துப்புரவு செய்யப் போவார். நான் ஒற்றைப் பிள்ளை. அந்த மாரிக் குளிரில்தான் மாமா வந்து சேர்ந்தார், அம்மாவின் தம்பி.

மாமாவுக்கு அரசாங்கம் ஒதுக்கிய அகதி விடுதி, ஹைம் என்று எல்லோரும் சொல்வோமே அது, வேறு ஊரில் இருந்தது. சனி ஞாயிறுக்கு என்று வந்தவர் கொஞ்சம் கொஞ்சமாகத் திங்கள் செவ்வாயையும் சேர்த்துக்கொண்டார். பிறகு போகவே இல்லை. வரவேற்பறைச் சோபாதான் அவருடைய கட்டில். மெலிந்த உயரமான மனிதர். வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு இருக்கும். அவர் பக்கத்தில் போனால் கராம்பு மணக்கும். எனக்கு அந்த மணம் நல்ல விருப்பம். பள்ளிக்கூடத்தில் கிறிஸ்மஸ் காலத்தில் தோடம்பழத்தில் கராம்பு குத்தச் சொன்னபோது, மாமாவை மணந்து பார்ப்பது போல அந்தப் பழத்தை மணந்துகொண்டு இருந்தேன்.

ஆனால் மாமா என்னை நிமிர்ந்து பார்க்க மாட்டார். நான் ஏதாவது கேட்டால் சுவரைப் பார்த்துப் பதில் சொல்வார். அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

மாமாவுக்கு ஒரு மனைவியும் என் வயதில் ஒரு மகளும் இருந்தது எனக்குத் தெரியும். அவர்கள் ஏன் வரவில்லை என்பதும் தெரியும் என்று நினைத்திருந்தேன். மாமா வருவதற்கு முன், தொலைபேசியில் யாருக்கோ அம்மா அழுதுகொண்டு சொன்னதைக் கேட்டிருந்தேன்: "தம்பின்ரை மனிசியும் பிள்ளையும் மோசம் போட்டினம்." ஊரில் பிறந்தவர்களுக்கு அந்த வார்த்தை விளங்கும். செத்துப்போனார்கள் என்று வாயால் சொல்ல மனம் வராமல் நம்மவர்கள் அப்படிச் சொல்வார்கள். எனக்கு அது விளங்கவில்லை. எங்கள் மாநிலத்திலேயே மோர்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது, ரயில் நிலைய அறிவிப்பில் கேட்டிருக்கிறேன். நம் ஆட்கள் ஜெர்மன் ஊர்ப் பெயர்களைப் பிய்த்துப் போட்டு உச்சரிப்பது வழக்கம். ஆகவே மாமியும் மச்சாளும் மோர்ஸ் போய்விட்டார்கள், மாமாவோடு ஏதோ கோபம், அதுதான் வருவதில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

கேட்டுத் திருத்தவும் வழி இருக்கவில்லை. "மாமாவுக்கு முன்னாலை அவையளைப் பற்றி ஒரு சொல்லும் கதைக்கக் கூடாது, விளங்குதோ?" என்று அம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். தொலைக்காட்சியில் கடலோ படகோ வந்தால் அப்பா எழும்பிப் போய் வேறு நிகழ்ச்சிக்கு மாற்றிவிடுவார். மாமி, மகள் படம் ஒன்று அம்மாவின் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. பேசாமல் விட்டால் ஆறிவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன செய்வதென்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அந்த நாளைய கண்ணாடி மினரல் தண்ணீர்ப் போத்தல் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா? இடுப்பு ஒடுங்கியது, மேற்பக்கம் சின்னச் சின்ன முத்துக்கள் புடைத்து நிற்கும், விரலால் தடவ நல்லாயிருக்கும். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் வந்துவிட்டது, அது கையில் நசுங்குகிறது. அப்பா கிழமைக்கு ஒரு பெட்டி வாங்கி மூன்று மாடியும் தூக்கி வருவார். காஸ் தண்ணி. குடித்தால் மூக்கு எரியும். அதில் ஒரு போத்தல் எப்போதும் மாமாவின் சோபாவுக்குப் பக்கத்தில் நிற்கும். அந்தப் போத்தலில் மட்டும் குமிழி இருக்காது. மூடியைத் திறந்தால் உஸ் என்ற சத்தமும் வராது.

"அம்மா, மாமான்ரை தண்ணியிலை குமிழி இல்லை," என்று ஒருநாள் சொன்னேன்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். கை நின்றது. "மாமாவுக்குக் காஸ் ஒத்துவராது பிள்ளை. நீ அதைத் தொடாதை."

மாமாவுக்கு என்று தனித் தண்ணி இருக்கிறது, அது வயிற்றுக்கு நல்லது என்று நான் எடுத்துக்கொண்டேன். நம் பேச்சில் தண்ணி என்றால் சாராயமும்தான் என்று எனக்கு யார் சொல்வது? எங்கள் வீட்டில் அப்பா பியர் குடித்தால் அதற்குப் பெயர் பியர். மாமாவின் போத்தலில் இருந்தது வெஸ்ட்ஃபாலியாக்காரர் தானியத்தில் வடிக்கும் கோர்ன் என்ற சாராயம், பச்சைத் தண்ணீரைப் போலத் தெளிந்த நிறம். அதை மினரல் போத்தலுக்குள் ஊற்றி வைத்தால் உற்றுப் பார்த்தாலும் தெரியாது. கராம்பு எதற்கு என்பதும் இப்போது தெரிகிறது.

வெறும் போத்தல் பெட்டியைக் கடையில் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை. கீழ்த்தளத்துக் குடும்பத்தின் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு போவேன். கடைக்காரப் பெண்மணி ஒருநாள் ஒரு போத்தலைத் தூக்கி மூக்கருகே பிடித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பிள்ளை, உங்கள் வீட்டில் யார் குடிக்கிறது?"

"எல்லோரும்தான்," என்றேன்.

"அம்மாவுமா?"

"அம்மாதான் கூட. வேலையால் வந்ததும் ஒரு போத்தல் குடித்து முடிப்பார்."

அவர் நெஞ்சில் கையை வைத்தார். எனக்கு ஒன்றுக்கு மூன்று லொலிபொப் தந்தார். அதற்குப் பிறகு அம்மா கடைக்குப் போகும்போதெல்லாம் அவர் அம்மாவின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுப்பார். ஜெர்மன் சனம் நல்ல அன்பான சனம் என்று அம்மா வீட்டுக்கு வந்து சொல்வார். நல்ல மனுஷிதான். இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

பெரியவர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் முயன்றுகொண்டுதான் இருந்தார்கள். அம்மா முருகனுக்கு நேர்த்தி வைத்தார். மாமா விரதமிருந்து காவடி எடுக்க வேண்டும். அதோடு எல்லாம் விட்டுப்போகும். கோயில் அப்போது ஒரு வாடகைக் கட்டடத்தில் இருந்தது, திருவிழா மட்டும் தெருவுக்கு வரும். மாமா மறுக்கவில்லை. அக்கா சொன்னால் கேட்கிறவர் அவர். விரத நாட்களில் அந்தப் போத்தல் சோபாவுக்குப் பக்கத்தில் இல்லாமல் போனது. அம்மாவின் முகத்தில் வெளிச்சம் வந்தது.

திருவிழா அன்று மாமா காவடியைத் தோளில் ஏற்றினார். மேளம் தொடங்குவதற்கு முன்பே அவருடைய கை நடுங்கத் தொடங்கியது. பிறகு தோள், பிறகு உடம்பு முழுவதும். வேர்வை ஆறாக ஓடியது. கண் எங்கேயோ சொருகியது. "உரு வந்திட்டுது, உரு வந்திட்டுது" என்று சனம் விலகி வழி விட்டது. பெண்கள் கைகூப்பினார்கள். ஒருவர் அவருடைய காலில் விழுந்து தன் மகளுக்கு எப்போது கலியாணம் சரிவரும் என்று கேட்டார். மாமாவின் பற்கள் கிடுகிடுத்தன, பதில் வரவில்லை. அதையும் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மாமாவில் சாமி வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளையின் மாமாவில் வந்தது?

குடியைத் திடீரென்று விட்ட உடம்பு அப்படித்தான் நடுங்கும் என்று இப்போது எங்களுக்குத் தெரியும். அன்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர் அந்தத் தெருவிலேயே விழுந்து செத்திருக்கக்கூடும். செத்திருந்தால் முருகன் அழைத்துக்கொண்டார் என்றுதான் சொல்லியிருப்போம்.

அடுத்த நாளே போத்தல் பழைய இடத்துக்கு வந்தது. முன்னரைவிடக் கெதியாக முடிந்தது. அம்மா சாமித்தட்டுக்கு முன்னால் நின்று முருகனோடு சண்டை பிடித்தது எனக்குக் கேட்டது. பிறகு ஒருநாள் மாமா படிக்கட்டில் விழுந்து நெற்றி வெடித்தது. கீழ்த்தளத்துக் குடும்பம் ஓடிவந்து தூக்கியது. அன்று மாலை அப்பா சமையலறையில் அம்மாவிடம் சொன்னார்:

"இனி ஏலாது. பள்ளிக்கூட விடுமுறை முடிய முதல் அவன் ஹைமுக்குப் போகவேணும். இது பிள்ளை வளர்ற வீடு."

"அங்கை போனால் அவன் உயிரோடை இருப்பான் எண்டு நினைக்கிறியளோ?" என்று அம்மா கேட்டார். "அந்த அறையிலை அவனைப் பாக்கிறதுக்கு ஆர் இருக்கினம்? எனக்கு இருக்கிறது ஒரு தம்பி."

"எனக்கும் அவன் மச்சான்தான். நான் என்ன கல்லே? எனக்கு வேறை வழி தெரியேல்லை."

கதவுக்கு இந்தப் பக்கம் நான் பலகாரத் தட்டோடு நின்றேன். மாமா ஹைமுக்குப் போனால் உயிரோடு இருக்கமாட்டார் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. ஏன் என்று விளங்கவில்லை. குமிழி இல்லாத தண்ணி அங்கே கிடைக்காதோ என்றுகூட யோசித்தேன்.

அம்மா கடைசியாக ஒரு வழி கண்டுபிடித்தார். மாமா நித்திரை கொள்வதில்லை, நித்திரை இல்லாததால்தான் குடிக்கிறார், நல்ல தூக்கக் குளிசை கிடைத்தால் குடிக்கத் தேவை இருக்காது. டொக்டரிடம் கேட்டு வாங்க வேண்டும். பஸ்ஸில் போகும்போது எனக்குப் பாடம் நடந்தது.

"நித்திரை வருகுதில்லை எண்டு மட்டும் சொல்லு. வேறை ஒண்டும் சொல்லாதை. குளிசை தருவா, வாங்கிக்கொண்டு வருவம்."

மாமா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். நெற்றியில் பிளாஸ்டர். கராம்பு மணம் அன்று மிகவும் கூட.

டொக்டர் வயதான பெண்மணி. வெள்ளைக் கோட்டுக்கு மேல் கையால் பின்னிய பச்சைக் கம்பளி அரைச்சட்டை போட்டிருப்பார். அறையில் ஸ்பிரிட் மணமும் அவருடைய கோப்பி மணமும் சேர்ந்து இருக்கும். அம்மா சொல்லிக் கொடுத்தபடியே சொன்னேன். அவர் குளிசை எழுதும் தாளை எடுக்கவில்லை. மாமாவின் கைகளை நீட்டச் சொன்னார். விரல்கள் நடுங்கின. கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். வயிற்றை அமத்திப் பார்த்தார்.

"நித்திரை ஏன் வருவதில்லை? எதனால் இப்படி?" என்று என்னிடம் கேட்டார்.

நான் தமிழில் கேட்டேன். மாமா நிலத்தைப் பார்த்தார். அம்மா கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினார், திறந்து மூடினார். எங்கள் குடும்பத்தில் யாரும் வெளியில் சொல்லாத ஒன்றை அம்மா அந்த இடத்தில் சொல்லத் துணிந்தார். அந்தத் துணிச்சலுக்கு எத்தனை தரம் நன்றி சொன்னாலும் போதாது. குரல் மட்டும் கீழே போய்விட்டது.

"தண்ணியாலைதான் எண்டு சொல்லு பிள்ளை."

எனக்கு உடனே அந்தக் குமிழி இல்லாத போத்தல் ஞாபகம் வந்தது. ஓகோ, அந்தத் தண்ணிதான் ஒத்துவரவில்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்து அழகான ஜெர்மனில் சொன்னேன்: "தண்ணீரினால்தான்." வாஸர் என்றேன். குழாயிலும் ஆற்றிலும் மழையிலும் வருகிற அதே வாஸர்.

டொக்டரின் பேனா நின்றது. "எந்தத் தண்ணீர்?"

"எந்தத் தண்ணி எண்டு கேக்கிறா," என்றேன்.

அம்மாவின் முகம் சிவந்தது. "எனக்கு உதுகளின்ரை பேருகள் தெரியாது. எல்லாம் ஒரே நாத்தம்."

அதை எப்படி மொழிபெயர்ப்பது என்று நான் முழித்துக்கொண்டிருந்தபோது, மாமா வாயிலிருந்த கராம்பை எடுத்துக் கைலேஞ்சியில் சுற்றினார்.

"கிளாலித் தண்ணி," என்றார்.

எனக்கு அது என்னவென்று தெரியவில்லை. கேட்டேன். மாமா முதன்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"அது ஒரு கடல் பிள்ளை. உள்ளுக்கை வந்து நிக்கிற கடல். சண்டைக்குப் பயந்து ஓடேக்கை சனமெல்லாம் அதைக் கடந்துதான் போனது. இருட்டிலை, வள்ளத்திலை. வள்ளம் நிறைய ஆக்கள். காத்துக்குக் கவிண்டு போச்சு. உன்ரை மாமியும் மச்சாளும் அதுக்குள்ளைதான் போட்டினம்."

மோர்ஸ் என்ற ஊர் அப்போதுதான் என் தலைக்குள் இல்லாமல் போனது. அவர் நிறுத்தவில்லை.

"நான் நீந்தினன். நீந்தி நீந்திக் கூப்பிட்டன். விடிஞ்சு பாத்தால், தண்ணி என்ரை நெஞ்சு மட்டுக்குத்தான். எழும்பி நிண்டிருக்கலாம் பிள்ளை. எழும்பி நிண்டு பிள்ளையைத் தூக்கிப் பிடிச்சிருக்கலாம். ஆருக்குத் தெரியும், இருட்டிலை."

அம்மா "ஐயோ தம்பி" என்று வாயைப் பொத்தினார். அவருக்கும் அது தெரியாது. இத்தனை மாதமும் ஒரே வீட்டில் இருந்தும் தெரியாது. கேட்டால் நொந்துபோவான் என்று கேட்கவில்லை, சொன்னால் நொந்துபோவா என்று சொல்லவில்லை.

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்ல வேண்டும். நீரில் மூழ்கிச் சாவதற்கு ஜெர்மனில் என்ன சொல் என்று எனக்கு நீச்சல் வகுப்பில் படித்தது ஞாபகம் இருந்தது. எர்ட்ருங்கன். குடித்து வெறித்துப் போனவனுக்குச் சொல்வது பெட்ருங்கன். இரண்டும் குடிப்பது என்ற ஒரே சொல்லிலிருந்து வந்தவை, முன்னால் ஓர் அசைதான் வித்தியாசம். எர்ட்ருங்கன் என்றேன், என் குரல் கம்மியிருக்க வேண்டும்.

"பெட்ருங்கனா? யார்?" என்றார் டொக்டர்.

"இல்லை, எர்ட்ருங்கன். என் மாமி. என் மச்சாள். கடலில். தண்ணீர் ஆழமில்லை, ஆனால் இருட்டு."

அவர்கள் இறந்ததை நான் அறிந்ததற்கும் சொன்னதற்கும் இடையில் ஒரு மூச்சு இழுக்கத்தான் நேரமிருந்தது. டொக்டர் பேனாவை வைத்துவிட்டு மேசையைச் சுற்றி வந்து மாமாவுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மாமாவின் நடுங்கும் கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டார். வெளியில் காத்திருந்தவர்கள் இருமியது கேட்டது. அவர் அவசரப்படவில்லை.

கொஞ்ச நேரம் போக மாமா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, மற்றத் தண்ணியும் இருக்கெண்டு சொல்லு."

"எந்தத் தண்ணி மாமா?"

"உன்ரை அம்மா சொன்ன தண்ணி. குமிழி இல்லாதது. அது சாராயம். விடிஞ்சால் பொழுதுபட்டால் அதுதான். அது இல்லாமல் எனக்கு ஏலாது எண்டு சொல்லு. குளிசை கேட்டு வந்தது பிழை எண்டும் சொல்லு."

சொன்னேன். டொக்டர் தலையசைத்தார். "இவர் கதவால் வரும்போதே எனக்குத் தெரியும்," என்றார். "கராம்பு எவ்வளவுதான் மறைக்கும்? ஆனால் அவரே சொன்னார் பார், அதுதான் எனக்கு வேண்டியிருந்தது." பிறகு என் தலையில் கை வைத்தார். "நீ நன்றாகச் செய்தாய். இனி இது உன்னுடைய வேலை இல்லை. வெளியில் போய் விளையாடு."

காத்திருப்பறையில் கம்பியில் மணிகள் ஓடும் ஒரு விளையாட்டுப் பொருள் இருந்தது. குழந்தைகளுக்கானது. நான் அதில் மணிகளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டு அழுதேன். ஒரு கிழவர் தன் செய்தித்தாளால் முகத்தை மறைத்துக்கொண்டு எனக்கு வசதி செய்து தந்தார். அவருக்கும் நன்றி.

அன்று மாமா வீட்டுக்கு வரவில்லை. டொக்டர் நேராக மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார். பீலெஃபெல்டிலிருந்து தாதி வேலை செய்யும் ஒரு தமிழ் அண்ணை ரயிலில் வந்து அவருக்காகக் கதைத்தார். அந்த அண்ணைதான் அம்மாவுக்கு எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினார். கோர்னுக்கு மேல் தூக்கக் குளிசையும் போட்டிருந்தால் ஒருநாள் காலை மாமா எழும்பாமலே போயிருப்பார். திடீரென்று விட்டால் உடம்பு நடுங்கும், வலிப்பு வரும், அதனால் மருத்துவமனையில் வைத்துத்தான் விட வேண்டும்.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மாமாவின் கட்டிலடியில் நின்று மெல்லக் கேட்டார்: "அப்ப, அண்டைக்கு முருகன் வரேல்லையோ?"

மாமா அந்த வருடத்தில் முதன்முறையாகச் சிரித்தார். "வந்தவர்தான் அக்கா. வந்து என்ரை கோலத்தைப் பாத்திட்டு, இது டொக்டற்ரை வேலை எண்டு போயிட்டார்."

பிறகு மலைப்பக்கத்தில் ஒரு சிகிச்சை நிலையத்தில் சில மாதங்கள். ஓர் அகதிக்கு அந்த இடம் கிடைப்பது அப்போது சுலபமான காரியம் இல்லை. டொக்டர் எந்தெந்த அலுவலகங்களோடு மல்லுக்கட்டினார் என்பது எங்களுக்கு முழுக்கத் தெரியாது. அப்பா தொழிற்சாலையில் ஆறு நாளும் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ரயில் ஏறி, பஸ் மாறி, புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுபோவார். ஹைமுக்கு அனுப்பச் சொன்ன அதே அப்பாதான். போகிற வழியெல்லாம் பெட்டியை மடியில் வைத்திருப்பார், குழம்பு சிந்திவிடும் என்று. தன்னுடைய பியரையும் விட்டுவிட்டார். கொண்டாட்டங்களில் நண்பர்கள் "என்ன, மனிசி தடை போட்டிட்டாவோ?" என்று பகிடி விட்டால், "ஓம், பயம்தான்" என்று சொல்லிச் சமாளிப்பார். உண்மையான காரணத்தை ஒருநாளும் மாமாவுக்குக் கேட்கும்படி சொன்னதில்லை.

எல்லாம் நேர்கோட்டில் நடந்ததாக நினைக்க வேண்டாம். இரண்டு வருடம் கழித்து மாமா ஒருமுறை வழுக்கினார். அவராகவே டொக்டரிடம் போய்ச் சொன்னார். திரும்பவும் ஏறி வந்தார். பிறகு வழுக்கவில்லை. ஒரு பேக்கரியில் அதிகாலை வேலைக்குச் சேர்ந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். டொக்டர் இப்போது இல்லை. அவருடைய அடக்கத்துக்கு எங்கள் வீட்டிலிருந்து நாலு பேரும் போனோம். அந்தக் குளிரில் மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றார்.

அந்த முதல் வருட இலையுதிர் காலத்தில் அவர் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த நாளைச் சொல்லாமல் விட ஏலாது. அம்மா சேலைகளுக்கு அடியிலிருந்து அந்தப் படத்தை எடுத்துத் துடைத்து அவருடைய கையில் கொடுத்தார். மாமா அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார்.

"இவள் உன்னிலும் ஆறு மாதம் இளமை. உன்னைக் காணேக்கையெல்லாம் எனக்கு இவளின்ரை உயரம்தான் தெரியும். அதுதான் பிள்ளை நான் உன்னைப் பாக்கிறேல்லை. உன்னிலை கோபம் இல்லை."

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் மச்சாளைப் பற்றி ஒளிக்காமல் கதைத்தோம். அவள் முருங்கைக்காய் சப்ப மாட்டாளாம். இடி முழங்கினால் கட்டிலுக்குக் கீழே போய் அங்கிருந்து பாட்டுப் பாடுவாளாம். யாராவது கொட்டாவி விட்டால் வாய்க்குள் விரலை விடுவாளாம். ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த எனக்கு ஒரு மச்சாள் கிடைத்தாள். என் கலியாணத்தன்று மாமா என் சேலையைப் பார்த்துவிட்டு, அவளுக்கு இந்த நிறம் எடுத்திருக்காது, மஞ்சள்தான் எடுத்திருக்கும் என்றார். என் முதல் பிள்ளையைக் கையில் வாங்கியபோது, அவளுக்கும் ஒன்று இருந்திருக்கும் என்றார். கேட்பவர்களுக்கு அது துக்கமாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படி இல்லை. அந்த மனிதர் அதைச் சொல்ல உயிரோடு இருக்கிறார், தெளிவாக இருக்கிறார், என் வீட்டு மேசையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு சொல்கிறார். எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

போன மாதம் நான் முதன்முதலாக வாசிப்புக் கண்ணாடி வாங்கினேன். மாமா வழக்கம் போல ஞாயிற்றுக்கிழமை வந்தார். கதவைத் திறந்த என்னை அந்தக் கண்ணாடியோடு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்கும் இப்ப எழுத்துத் தெரியாமல் வந்திருக்கும், என்ன?" என்றார்.

"ஓம் மாமா," என்றேன். "எங்கடை வயசுக்கு வாறதுதானே."